மச்சானின் வானுக்குப் போட்ட றேடியேட்டர்

அரிப்பு
05.07.2025

ஓலைத்தொடுவாய் கராஜ்காரர் ரொபின்சனுக்கு,

மச்சான் என்று எழுதத் தொடங்கி, பிறகு அந்தத் தாளைக் கிழித்துப் போட்டேன். அந்த முறை என் தங்கை லூர்தம்மாவை நீர் கட்டியதால் வந்தது. உம்முடைய யோக்கியதையால் வந்ததல்ல. உம்முடைய நம்பரையும் போனில் அடைத்துவிட்டேன். போனில் பேசினால் நாளைக்கே அப்படிச் சொல்லவில்லை என்பீர். எழுத்தில் இருந்தால் தப்ப முடியாது. மீனவர் கூட்டுறவுச் சங்கத்தில் முகாமையாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். எத்தனையோ புளுகர்களைத் தாளில் வைத்துத்தான் பிடித்திருக்கிறேன்.

போன கார்த்திகையில் என் வாடகை வானுக்குப் புது றேடியேட்டர் போட்டேன் என்று ஒரு தொகை வாங்கினீர். அந்தத் தொகையைக் கேட்டதும் என் பெண்சாதி இது றேடியேட்டரா, தங்கச் சங்கிலியா என்று கேட்டாள். சொந்தக்காரன் ஏமாற்றமாட்டான் என்று அவளை அடக்கிவிட்டுக் கொடுத்தேன். இந்த ஆடித் திருவிழாவுக்கு மடுவுக்குச் சனம் ஏற்றிக்கொண்டு போய்த் திரும்பி வரும்போது, நடுக்காட்டில் உம்முடைய புது றேடியேட்டர் ஆவியைக் கக்கிக்கொண்டு நின்றுவிட்டது. வந்தவர்கள் செபமாலையைக் கையில் வைத்துக்கொண்டு வெயிலில் நின்று என்னை முறைத்தார்கள். பாதி வாடகைதான் தந்தார்கள். அதையும் பிச்சை போடுவது போலத் தந்தார்கள்.

முருங்கனில் பாலசிங்கத்தின் கராஜுக்கு இழுத்துக்கொண்டு போனேன். அவர் பார்த்துவிட்டுச் சொன்னது இதுதான்: "ஐயா, இது புதுசில்லை. பழசுக்குப் பெயின்ற் அடிச்சுப் போட்டிருக்கினம்."

இந்தியாவில் மண்டபம் அகதி முகாமில் இருந்தபோது ஸ்கூட்டர் திருத்தப் பழகியவர் நீர். இரண்டு சக்கரம் பழகினவரை நம்பி நாலு சக்கரத்தைக் கொடுத்தது என் பிழை. புதியதற்கு வாங்கிய பணத்தை முழுவதும் திருப்பி அனுப்பும்.

செப்டெம்பரில் அனுஜாவுக்குக் கலியாணம். லூர்து அவளுக்கு மாமி மட்டுமல்ல, ஞானத்தாயும் கூட. தனக்குப் பிள்ளை இல்லாத குறையை என் மகளை வைத்துத்தான் அவள் ஆற்றிக்கொண்டாள். கலியாண அட்டை இன்னும் அச்சுக்குப் போகவில்லை. ஞானத்தாய் என்று அவளுடைய பெயர் அதில் வருமா, வராதா என்பதை நீர் அனுப்பும் பணம் தீர்மானிக்கும்.

சி. அமிர்தநாயகம்


ஓலைத்தொடுவாய்
09.07.2025

மதிப்புக்குரிய மச்சான் அவர்களுக்கு,

நீங்கள் கிழித்துப் போட்ட சொல்லை நான் எழுதியிருக்கிறேன். தாள் என்னுடையது, உங்களுக்குச் செலவில்லை.

அந்த றேடியேட்டர் கொழும்பில் இருந்து பெட்டியோடு வந்தது. உங்கள் முன்னால்தான் பெட்டியை உடைத்தேன். பழைய சாமானை வாகனத்தின் சொந்தக்காரரிடம் கொடுத்துவிடுவது எங்கள் வழக்கம். பெரும்பாலும் அதை ஒருவரும் வாங்குவதில்லை. நீங்கள் பழையதையும் வாங்கி, அதை நிறுத்து விற்கலாமா என்று கேட்டு, வெறும் பெட்டியையும் கோழிக்கு ஆகும் என்று கட்டிக்கொண்டு போனீர்கள். கோழி இன்னும் அதற்குள் இருந்தால் கொஞ்சம் எழுப்பிவிட்டு, பெட்டியில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசித்துப் பாருங்கள்.

விலையைப் பற்றிச் சொல்கிறீர்கள். டொலர் ஏறினபோது மீனின் விலையை ஏற்றிய ஊர்தானே உங்களுடையது. மீன் ஏறலாம், றேடியேட்டர் ஏறக் கூடாது. நான் வைத்த இலாபம் உங்களுக்காகக் குறைத்து வைத்தது. வேறு ஆட்களிடம் அதைவிடக் கூட வாங்குவேன்.

ஏன் ஓட்டை விழுந்தது என்று நான் சொல்லட்டுமா? அரிப்புக் கிணற்றுத் தண்ணீர். ஆடும் முகர்ந்து பார்த்துவிட்டுப் போகிற உப்புத் தண்ணீர். காசு கொடுத்து நல்ல தண்ணீர் வாங்கி ஊற்ற உங்களுக்கு மனம் வராது. ஓசியில் பார்க்கலாம் என்று மாதாமாதம் வானைக் கொண்டுவந்து நிறுத்துகிற ஆள் நீங்கள். ஒவ்வொரு முறையும் எல்லாம் பார்த்து, தண்ணீரும் நிரப்பித்தான் அனுப்பினேன். ஒரு பிளேன் டீக்குக்கூட நீங்கள் காசு வைத்ததில்லை.

பாலசிங்கம் மெக்கானிக் என்பது எனக்குப் புதுச் செய்தி. அவர் உழவு மெசினுக்குக் காற்றடிப்பார் என்றுதான் இதுவரை நினைத்திருந்தேன்.

லூர்து உங்களுடைய கடிதத்தைப் பார்க்கவில்லை. கலியாணத்துக்கு என்று சாறி வாங்கி அலுமாரியில் தொங்கவிட்டிருக்கிறாள். ஒரு நாளைக்கு இரண்டு தரம் கதவைத் திறந்து பார்க்கிறாள். மகளின் கலியாண அட்டையைத் தராசில் வைத்து வியாபாரம் பேசுகிற தகப்பனை என் வாழ்க்கையில் இப்போதுதான் காண்கிறேன்.

ரொபின்சன்


அரிப்பு
15.07.2025

ரொபின்சனுக்கு,

உம்முடைய கடிதத்தை என் பெண்சாதிக்கு வாசித்துக் காட்டவில்லை. கோழி வரைக்கும் வந்து மட்டு மரியாதை இல்லாமல் எழுதியிருக்கிறீர்.

கிணற்றுத் தண்ணீர் கதையை வேறு யாருக்காவது சொல்லும். சிலாபத்துறையில் இருந்து போத்தலில் வாங்கிவரும் சுத்திகரித்த தண்ணீரைத்தான் வானுக்கு விடுகிறேன். நான் கிணற்றுத் தண்ணீர் குடிக்கிறேன், வான் போத்தல் தண்ணீர் குடிக்கிறது. வேண்டுமானால் ஊரில் கேட்டுப் பாரும். இதற்காக என்னைப் பார்த்துச் சிரிக்கிறவர்களும் இருக்கிறார்கள்.

பாலசிங்கத்தைக் கொண்டு றேடியேட்டரை வெட்டிப் பார்த்தேன். உள்ளே வெள்ளை வெள்ளையாக உப்பு. விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன், கறிக்குப் போடலாம். நான் விட்ட தண்ணீரில் உப்பில்லை. அப்படியென்றால் நீர் போடும்போதே அதற்குள் உப்பு இருந்திருக்கிறது. கடற்கரையில் நின்று உக்கின ஏதோ ஒரு மீன் லொறியில் கழற்றி, கறுப்புப் பெயின்ற் அடித்து, யாருடையதோ புதுப் பெட்டிக்குள் வைத்து, என் முன்னாலேயே உடைத்து நாடகம் ஆடியிருக்கிறீர். இந்த மூளையைத் தொழிலில் காட்டியிருந்தால் இன்றைக்கு மன்னார் ரவுனில் கராஜ் வைத்திருப்பீர்.

வெட்டின துண்டுகளை இந்தக் கடிதத்தோடு பஸ் கண்டக்டரிடம் கொடுத்துவிட்டிருக்கிறேன். உம்முடைய திறமையை நீரே பார்த்து மகிழும்.

அட்டை அடித்தாகிவிட்டது. லூர்துவின் பெயர் இல்லை. அனுஜா இரண்டு நாட்களாக என்னோடு பேசவில்லை. மாமி பக்கத்தில் நிற்காமல் கோயிலுக்குள் காலடி வைக்கமாட்டேன் என்று தாயிடம் சொல்லியிருக்கிறாள். பிள்ளைகள் அப்படித்தான் சொல்வார்கள். கள்ளனின் பெண்சாதியை என் சபையில் முன்னுக்கு நிறுத்த என்னால் ஏலாது.

சி. அமிர்தநாயகம்


ஓலைத்தொடுவாய்
21.07.2025

மச்சான் அவர்களுக்கு,

துண்டுகள் கிடைத்தன. உப்பு இருப்பது உண்மை, நானும் பார்த்தேன். ஆனால் இது நான் போட்ட அதே றேடியேட்டர், அது புதிதாகத்தான் வந்தது. உப்பு எந்த வழியாக வந்தது என்று எனக்கு விளங்கவில்லை. விளங்காததை விளங்கவில்லை என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை. பேசாலையில் ஒரு வாத்தியாரின் காருக்கும், தலைமன்னார் லொறி ஒன்றுக்கும் இப்படித்தான் நடந்தது. இரண்டும் என்னிடம்தான் வருகிறவை. அவர்கள் கடல்காற்று என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஒருவரும் என்னைக் கள்ளன் என்று சொல்லவில்லை. அதற்கு ஒரு மச்சான் வேண்டியிருந்தது.

உங்களுடைய அட்டை பக்கத்து வீட்டுக்கு வந்தது, எங்களுக்கு வரவில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளை அதை லூர்துவிடம் காட்டியிருக்கிறாள். அவள் இரண்டு தரம் வாசித்தாளாம். பிறகு அட்டையைத் திருப்பி, பின்பக்கத்தில் தன் பெயர் இருக்கிறதா என்று பார்த்தாளாம். வீட்டுக்கு வந்து சாறியை மடித்து அலுமாரியின் அடித்தட்டில் வைத்தாள். என்ன நடந்தது என்று என்னிடம் கேட்டாள். உன் கொண்ணனுக்கு என்னோடு கோபம் என்று மட்டும் சொன்னேன். அவள் உடனே உங்களுக்காகச் செபம் சொல்லத் தொடங்கிவிட்டாள். எனக்காக அல்ல, உங்களுக்காக.

இனி நீங்கள் வந்து காலில் விழுந்தாலும் நான் அவளை அனுப்பமாட்டேன். பெரிய சபை, பெரிய முகாமையாளர். ஒரு சங்கத்தின் திறப்புக் கோர்வையை இடுப்பில் செருகிக்கொண்டு திரிந்த மிதப்பு உங்களுக்கு இன்னும் இறங்கவில்லை.

ரொபின்சன்


ஓலைத்தொடுவாய்
29.07.2025

மச்சான்,

நீங்கள் சொன்னதுதான் சரி. அது பழைய றேடியேட்டர். பெயின்ற் அடித்துப் புதியது என்று போட்டேன். பணம் முழுவதையும் கண்டக்டரிடம் கொடுத்துவிட்டிருக்கிறேன்.

போன கடிதத்தில் லூர்துவை அனுப்பமாட்டேன் என்று எழுதியதை விட்டுவிடுங்கள். அட்டையை மாற்றி அடியுங்கள். அவளுக்கு இந்த விஷயம் ஒன்றும் தெரியாது. அவளிடம் றேடியேட்டர் என்ற பேச்சையே எடுக்க வேண்டாம். இது ஒன்றைத்தான் உங்களிடம் கேட்கிறேன்.

பாலசிங்கம் சொன்னது சரி என்று அவரிடம் சொல்லிவிடுங்கள். இந்த வரியை எழுதத்தான் கை வரவில்லை.

ரொபின்சன்


அரிப்பு
03.08.2025

ரொபின்சனுக்கு,

பணம் வந்தது, சரியாக இருக்கிறது. உண்மையைச் சொன்னால் எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம். இன்னும் மூன்று கடிதத்துக்கு விஷயம் சேர்த்து வைத்திருந்தேன். நீர் இவ்வளவு சுருக்கமாக மடங்குவீர் என்று நினைக்கவில்லை.

உம்முடைய ஒப்புதலைப் பிரதி எடுத்துச் சங்கத்து நோட்டீஸ் பலகையில் ஒட்டியிருக்கிறேன். படம் பிடித்து வாகனம் வைத்திருக்கிற எல்லாருக்கும் போனில் அனுப்பியிருக்கிறேன். முசலியில் இருந்து தலைமன்னார் வரைக்கும் போய்விட்டது என்று கேள்வி. இதில் எனக்குத் தனிப்பட்ட கோபம் ஒன்றுமில்லை. பொதுமக்கள் அறிந்திருக்க வேண்டும்.

அட்டை மாற்றி அடித்தாகிவிட்டது. ஞானத்தாய் என்று லூர்துவின் பெயர் போட்டிருக்கிறேன். அனுஜா பேசத் தொடங்கிவிட்டாள். கலியாணத்துக்கு ஒரு கிழமைக்கு முன்பே லூர்துவை அனுப்பிவிடும், பலகார வேலை இருக்கிறது. உம்முடைய வேண்டுகோளின்படி அவளிடம் ஒன்றும் சொல்லமாட்டேன். ஊராரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். நான் உம்மைப் போல் அல்ல, சொன்ன சொல்லைக் காப்பாற்றுவேன்.

நீர் வர வேண்டாம். மாப்பிள்ளை வீட்டார் மரியாதையான ஆட்கள். யார் இவர் என்று கேட்டால் நோட்டீஸ் பலகையைத்தான் காட்ட வேண்டிவரும்.

சி. அமிர்தநாயகம்


அரிப்பு
15.09.2025

மச்சான்,

போன புதன்கிழமை கலியாணம் நல்லபடி முடிந்தது. நான் இந்தக் கடிதத்தை அதற்காக எழுதவில்லை.

கலியாணத்தன்று விடிய, மணப்பெண்ணை ஏற்றுகிற வானை வெளியே எடுத்து, புது றேடியேட்டரில் காற்றுப் போவதற்கு மூடியைத் திறந்து வைத்துவிட்டு முகம் கழுவப் போனேன். திரும்பி வந்தால், அடுப்படியில் நின்ற லூர்து வானுக்கு முன்னால் குனிந்து நிற்கிறாள். கையில் போத்தல். அதில் இருந்ததைக் கடைசிச் சொட்டு வரைக்கும் றேடியேட்டருக்குள் ஊற்றிவிட்டு, சிலுவை அடையாளம் போட்டாள். என்ன செய்கிறாய் என்று கேட்டேன்.

"மந்திரிச்ச தண்ணி அண்ணா. அவர் திருத்திற எல்லா வாகனத்துக்கும் விடுறனான். அவர் மூடியைத் திறந்து வைச்சிட்டுத் தேத்தண்ணி குடிக்க உள்ளுக்க வருவார், அந்த நேரம் பாத்து விடுவன். முந்தி மேலதான் தெளிச்சனான். பெயின்ற்றில கறை பிடிக்குதெண்டு ஏசினவர். அதுதான் தண்ணி விடுற இடத்திலயே விடுறன்."

போத்தலின் அடியில் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. அது என்ன என்று கேட்டேன். அதுவும் பாதர் மந்திரித்த உப்புத்தானாம். வெறும் தண்ணீரைவிட அது பலமாம்.

"மற்ற ஆக்களின்ர வாகனத்துக்கு ஒரு கரண்டி. உங்கட வானுக்கு மட்டும் இரண்டு பிடி. நீங்கள் ஓடுற ஓட்டம் எனக்குத் தெரியாதோ? எனக்கு இருக்கிறது ஒரு அண்ணன்தானே."

ரொபின்சனுக்கு இது தெரியுமா என்று கேட்டேன். ஒரு செவ்வாய்க்கிழமை அந்தோனியாரின் நாள் என்று பெரிய போத்தலோடு போனபோது பார்த்துவிட்டீராம். அவளுடைய கையையே பார்த்துக்கொண்டு நின்றீராம். பிறகு உள்ளே போய், "கொண்ணனுக்கு ஒரு கடிதம் எழுத வேணும்" என்று சொல்லித் தாள் கேட்டீராம்.

உம்முடைய ஒப்புதலை எடுத்துத் திகதியைப் பார்த்தேன். செவ்வாய்க்கிழமைதான்.

நான் அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. அந்தத் தண்ணீரோடுதான் அனுஜாவைக் கோயிலுக்கு ஏற்றிக்கொண்டு போனேன். லூர்து பக்கத்தில் இருந்து அவளுடைய முக்காட்டைப் பிடித்துக்கொண்டு வந்தாள். அன்று மாதிரிச் சந்தோஷமாக அவளை நான் கண்டதே இல்லை. இரவு சனம் போன பிறகு தண்ணீரை வடித்துக் கழுவிவிட்டேன்.

நீர் ஒரு முட்டாள் என்று எழுதத்தான் இருந்தேன். பொய் சொல்வதற்கும் கொஞ்சம் அறிவு வேண்டும். அரைப் பக்கத்தில் இப்படி ஒரு கேவலமான பொய்யை எழுதி ஒப்பம் வைக்கிற ஆளை நான் கண்டதில்லை. அதை நம்பி ஊருக்கெல்லாம் காட்டிய ஆளையும் கண்டதில்லை.

நோட்டீஸைக் கிழித்துவிட்டேன். நேற்றுப் பூசை முடிந்து எல்லாரும் வெளியே வரும்போது நான் படியில் நின்று சொன்னேன்: ரொபின்சன் குற்றமற்றவர். போத்தல் தண்ணீர் வாங்கக் காசு செலவாகும் என்று நான்தான் கள்ளத்தனமாகக் கிணற்றுத் தண்ணீரை ஊற்றி வந்தேன். என் தொல்லை தாங்காமல் சமாதானத்துக்காக அவர் பழியை ஏற்றுக்கொண்டார். நான் மெனக்கெட்டு யோசித்து வைத்த பொய் இது. யாராவது மறுத்துப் பேசுவார்கள், ஐயா அப்படிச் செய்யக்கூடியவரா என்று கேட்பார்கள் என்று நினைத்தேன். ஒருவரும் கேட்கவில்லை. கூட்டத்தில் நின்ற அருளப்பு மட்டும் வாயைத் திறந்தார்.

"அது எங்களுக்கு அப்பவே தெரியும் ஐயா."

எல்லாரும் தலையை ஆட்டிவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். எனக்கு இரவு முழுவதும் நித்திரை இல்லை.

உம்முடைய பணத்தைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். றேடியேட்டர் புதியது, விலையும் நியாயமானது. இனிமேல் கண்ணாடி கழுவுகிற தண்ணீர்த் தொட்டியில் விடும்படி லூர்துவிடம் சொல்லியிருக்கிறேன். அது பிளாஸ்டிக். ஓட்டுகிறவனின் கண்ணுக்கு முன்னால் வரும், அதுதான் விசேஷம் என்று விளக்கம் கொடுத்தேன், ஏற்றுக்கொண்டாள். வருகிற ஞாயிறு அனுஜாவும் மருமகனும் உம்முடைய வீட்டுக்கு விருந்துக்கு வருவார்கள். நீர் சம்மதித்தால் நானும் வருகிறேன்.

அமிர்தநாயகம்


ஓலைத்தொடுவாய்
19.09.2025

மச்சான்,

பணம் கிடைத்தது. தண்ணீர்த் தொட்டி யோசனைக்கு நன்றி. ஒரு மெக்கானிக்குக்கு இது தோன்றாது என்று நினைத்தீர்களாக்கும். அந்தச் செவ்வாய்க்கிழமையில் இருந்து, அவள் ஊற்றிவிட்டுப் போனதும் ஒவ்வொரு வாகனத்தையும் வடித்து, கழுவி, திரும்ப நிரப்பித்தான் அனுப்புகிறேன். வாத்தியாரின் காருக்கும் லொறிக்கும் என் செலவில் புதியது போட்டுக் கொடுத்துவிட்டேன்.

பொய் சொல்ல அறிவு வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். நான் யோசிக்காமல் எழுதவில்லை. பிள்ளை வேண்டும் என்று அவள் ஏறாத கோயில் இல்லை, வைக்காத நேர்த்தி இல்லை. அதற்காகச் சிரித்தவர்களை எனக்குத் தெரியும். உங்களுடைய சிரிப்பும் அதில் இருந்தது. உப்புப் போட்டு வாகனங்களைக் கெடுத்தவள் என்று நீங்கள் ஒரு தரம் சிரித்தால் போதும், அவள் செபம் சொல்வதையே விட்டுவிடுவாள். பிறகு அவளிடம் என்ன இருக்கும்? என்னைக் கள்ளன் என்றால் நான் அடுத்த வாகனத்தைத் திருத்திக் காட்டுவேன் என்று நினைத்தேன். நீங்கள் பலகையில் ஒட்டுவீர்கள் என்று நினைக்கவில்லை. அந்த அளவுக்கு உங்களை மட்டமாக நினைக்காதது என் பிழை.

நான் உண்மையைச் சொன்னபோது நீங்கள் ஒரு சொல்லையும் நம்பவில்லை. பொய்யைச் சொன்னதும் காசை எண்ணி வாங்கிக்கொண்டீர்கள். உங்களுடைய பொய்யை ஊர் உடனே நம்பியதில் எனக்கு ஆச்சரியமில்லை. நானும் நம்பியிருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். லூர்து கோழி அடிக்கச் சொல்கிறாள். உங்களோடு இருந்து சாப்பிடுவேன். பேச்சு வருமோ தெரியாது.

அவள் கலியாணத்துக்குப் போய் வந்த நாளில் இருந்து அதே கதைதான். அனுஜா எப்படி நடந்தாள், பாதர் என்ன சொன்னார், மாப்பிள்ளையின் தாய் இவளுடைய கையைப் பிடித்து என்ன சொன்னாள் என்று சமைக்கும்போதும் சொல்கிறாள், படுக்கும்போதும் சொல்கிறாள். "நீங்களும் வந்திருக்கலாமே" என்று நேற்றுக் கேட்டாள். கராஜில் வேலை தலைக்கு மேல் கிடந்தது என்று சொன்னேன். நம்பிவிட்டாள். கலியாணத்தன்று கராஜில் ஒரு வாகனமும் நிற்கவில்லை. உங்களுடைய நோட்டீஸ் வந்ததில் இருந்து ஒன்றிரண்டுதான் வந்தன, அந்தக் கிழமை அதுவும் இல்லை. நான் வெள்ளைச் சட்டையை அயன் பண்ணிப் போட்டுக்கொண்டு, உங்களிடம் இருந்து யாராவது வருவார்களா என்று பின்னேரம் வரைக்கும் கதிரையில் இருந்தேன்.

ரொபின்சன்